வெள்ளிக்கிழமைகளில் அக்கா வீட்டில் இருப்பதில்லை

1

இன்று வெள்ளிக்கிழமை. காலைத் தேநீர் இடைவேளையில், சரக்குக் கிடங்கின் பின்பக்கப் படியில் நின்றபடி, ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அக்காவின் வீட்டுக்குத் தொலைபேசினேன். அங்கே மாலை நான்கு மணி இருக்கும். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கூடத்து மூலையில், முக்காலியின் மேல், அக்கா பின்னிய வெள்ளை நூல் விரிப்பில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பச்சைத் தொலைபேசி அலறுவதும், ஜன்னல் கம்பியில் இருந்த அணில் திடுக்கிட்டு ஓடுவதும் எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. யாரும் எடுக்கவில்லை.

கேட்டுக்கொண்டே நின்றேன். அப்பாடா என்று இருந்தது.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஊரில் தனியாக இருக்கும் ஒருவர் போனை எடுக்கவில்லை என்றால் நமக்கெல்லாம் பயம் வந்துவிடும். எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலையில் அக்கா போனை எடுத்தால்தான் நான் பயப்பட வேண்டும். எடுக்கவில்லை என்றால் அவள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறாள்.

அந்த இடம் கைவிட்டுப் போக இருந்தது. போகாமல் நின்றது. போன வருஷம் இதே கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு வருஷமாக மனத்துக்குள் சுற்றிக்கொண்டிருப்பதை இன்று இரவாவது எழுதி இறக்கி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

2

அக்கா பெயர் சுகிர்தா. என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "லைன் எங்கேஜ்டு" என்று பதில் சொல்வாள். தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு காலத்தில் தென்சென்னையின் பாதிக் கல்யாணங்களும் சாவுகளும் அவள் காது வழியாகத்தான் போயின. பிள்ளை பிறந்ததைத் தகப்பனுக்கு முன்பே தெரிந்துகொண்டு, வாய் திறக்காமல் இணைப்புக் கொடுத்துவிட்டு, அடுத்த அழைப்புக்குப் போனவள்.

ஓய்வு பெற்ற பின் அந்தக் காதில் சத்தமே இல்லாமல் போயிற்று. வீடு பெரியது. தெருவில் புதிது புதிதாக அடுக்ககங்கள். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்போதுதான் கிளை நூலகம் அவளைப் பிடித்துக்கொண்டது. கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில், இரண்டு அறையும் ஒரு வேப்பமரமுமாக ஒரு கட்டடம். முன் அறையில் நீள மேசை. மேசைமேல் செய்தித்தாள்கள்.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் முழுப் பேப்பரை எடுக்கக் கூடாது. வந்ததும் தாள்தாளாகப் பிரித்துவிட வேண்டும். முதல் பக்கம் ஒருவரிடம், விளையாட்டு ஒருவரிடம், மாவட்டச் செய்தி ஒருவரிடம். முடித்தவர் இடது பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். தலையங்கம் இருக்கும் நடுத்தாள் மட்டும் முதலில் அக்காவுக்கு. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. அவள் பார்த்த பார்வையில் அது சட்டமானது.

ஓய்வு பெற்று இரண்டாம் வருஷம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. எழுந்திருக்க முடியவில்லை. நான் இங்கே சரக்குப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி மருத்துவமனை சமையலறையில் பணியில் இருந்தாள். உலகத்தில் சொந்தம் என்று அவளுக்கு இருக்கிற நாங்கள் இருவரும், எங்கள் மகனும், மூன்று பேருமே எதுவும் அறியாமல் இருந்த அந்தச் சாயங்காலத்தில், நூலக மேசையில் நடுத்தாள் கேட்பாரற்றுக் கிடந்தது. எதிர்த் தையல்கடை கபீர் பாய் பொத்தான் தைக்கும் இடைவெளியில் பேப்பர் பார்க்க வருகிறவர். அவர்தான் கவனித்தார். "அக்கா வராம நடுத்தாள் சும்மா கிடக்குது, சரியில்லையே" என்று தன் மனைவி மும்தாஜை அக்கா வீட்டுக்கு அனுப்பினார்.

கதவை உடைத்துத் தூக்கியபோது அக்கா கேட்ட முதல் கேள்வி, "நடுப்பக்கம் யார்கிட்ட இருக்கு?" என்பதாம். பாய் இதைச் சத்தியம் செய்து சொல்கிறார். அக்கா மறுக்கிறாள். நான் பாயை நம்புகிறேன்.

3

நாங்கள் இருப்பது லண்டனுக்கு மேற்கே, விமானங்கள் ஓட்டுக்கூரையை உரசுகிற மாதிரி இறங்கும் ஒரு சின்ன ஊர். இங்கேயும் ஒரு நூலகம் இருந்தது. இருக்கிறது. இருந்தது என்றே சொல்கிறேன்.

இங்கத்து நகராட்சி அதை ஒரு நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்கு விட முடிவு செய்தபோது நாங்களும் எதிர்த்தோம். இந்த ஊர்க்காரர்கள் எதிர்ப்பைக்கூட வரிசையில் நின்று தெரிவிப்பவர்கள். மழையில் அட்டை பிடித்து நின்றோம். அட்டையின் மை கரைந்து விரல்களில் வடிந்தது. ஒரு அம்மாள் எல்லோருக்கும் இஞ்சி பிஸ்கட் கொடுத்தார். தோற்றுப்போனோம்.

நிறுவனம் வந்தது. குறை சொல்ல முடியாதபடி வந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். புதுக் கம்பளம் விரித்தார்கள். புத்தகம் எடுக்க ஒரு இயந்திரம் வைத்தார்கள். அது பேசும். முதல் நாள் அது ஏதோ சொல்ல, நான் என்னையறியாமல், "பரவாயில்லைங்க" என்றேன். பக்கத்தில் நின்ற என் மகன் ஜோயல் முகத்தை மூடிக்கொண்டான். "அப்பா, இட்ஸ் அ மெஷின்." வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "புக் வேணும்னா வாங்கிக்கலாமே, எதுக்கு இவ்ளோ சண்டை?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. நான் சொல்லியிருக்கக்கூடிய பதிலைப் பிடித்துக்கொள்ள அவனுக்குத் தமிழ் போதாது. நடுவே அந்தக் கேள்வி பேருந்து நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நின்றது.

முதலில் தமிழ் அலமாரி போயிற்று. அட்டைப் பெட்டியில் போட்டு வாசலில் வைத்திருந்தார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று. பிறகு உட்காரும் மேசைகள் போயின. உட்கார்ந்திருப்பவன் கணக்கில் வருவதில்லை. எடுத்துப் போகிறவன்தான் வருவான்.

அந்த மேசையில், கணப்புக்குப் பக்கத்தில், சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர் தினமும் இருப்பார். நானும் அவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தலையசைப்போம். மேசை போன வாரத்தில் அவரும் போனார். எங்கே போனார்? இயந்திரத்தைக் கேட்க முடியாது. இருந்த ஊழியர்களில் பாதிப் பேர் புதியவர்கள். அவர் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. ஒரு கதவுக்குப் பின்னால் அவர் விழுந்து கிடந்தால், இந்த ஊரில் எந்தத் தாள் கேட்பாரற்றுக் கிடந்து சொல்லப்போகிறது?

4

போன வருஷம் டிசம்பரில் ஊருக்குப் போனேன். விமானத்தில் வந்த களைப்பு தீர்வதற்குள் ஒரு வாரம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மனைவி வீட்டு உறவினர்களைப் பார்ப்பதில் போயிற்று. திரும்பி ராஜகீழ்ப்பாக்கம் வந்த அன்றே அக்கா காப்பியோடு சேர்த்துச் செய்தியையும் வைத்தாள்.

"நம்ம லைப்ரரியப் பிரைவேட்டுக்கு விடப் போறாங்களாம்."

நான் காப்பியை வைத்துவிட்டேன். நாம் தப்பித்து வந்த வெள்ளம் நமக்கு முன்பே ஊருக்கு வந்து நிற்பது போல இருந்தது. உறுதியாக எதுவும் தெரியவில்லை. இந்தப் பக்கத்துச் சில கிளைகளை ஒப்பந்தத்துக்கு விட்டுப் பார்க்கும் யோசனை மேலே இருக்கிறது. வாசகசாலையை எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் வைப்பார்கள். உள்ளே வரச் சந்தா உண்டு. நூலகர் மல்லிகா மேடம் இதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. "நான் கவர்மென்ட் சர்வன்ட் சார். என் பேரு எங்கயும் வரக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு, கையெழுத்து வாங்க ஒரு கட்டு வெள்ளைத்தாளைத் தன் பையிலிருந்து எடுத்து மேசையில் மறந்துவிட்டுப் போனார்.

எனக்குக் கால் நிற்கவில்லை. சேலையூர், செம்பாக்கம், காமராஜபுரம் என்று அலைந்தேன். காலையில் தாம்பரம் ரயில் நிலையத்தின் மேம்பாலப் படியில் நின்றேன். மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிற கால்களுக்கு நடுவே ஒரு தாளையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு நிற்பது, ஆற்றின் நடுவே நின்று தண்ணீரை விசாரிப்பது மாதிரி. ஆனாலும் நின்றார்கள். சிலர் ஓடிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள், பேனா அவர்களோடு ரயிலேறிப் போயிற்று. ஒருவர் நின்று நிதானமாகச் சொன்னார்: "புக்கு யார் சார் படிக்கிறாங்க இப்ப? வீட்டுக்கு வீடு சீரியல். நீங்க வேற." சொல்லிவிட்டு அவரும் கையெழுத்துப் போட்டார்.

கூட்டு ரோடு ஆட்டோ நிறுத்தத்தில், ஆட்டோ ஓட்டும் துரை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், லண்டன்லேர்ந்து வந்து லைப்ரரிக்குக் கையெய்த்து வாங்கிகினு கீற? அங்க எல்லாத்தையும் பட்ச்சி முட்ச்சிட்டியா?"

"அங்க எடுத்துட்டாங்க துரை."

துரை பீடியைக் காலில் தேய்த்தார். "மெய்யாலுமா? அப்ப இது பேஜாருதான். குடு பேனாவ. உங்க அக்காதான் டெய்லி எனக்குப் பேப்பரு பட்ச்சி சொல்லுது. நம்ம கண்ணு இப்ப எய்த்துகிட்ட போனா எறும்பு ஊருது."

நோட்டீஸ் அடிக்க நான் எழுதிய வாசகத்தை அக்கா இரவுச் சாப்பாட்டின்போது படித்தாள். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினாள். அது கெட்ட சகுனம்.

"இது யாரு, 'தனியாக வாழும் ஒரு மூத்த பெண்மணி'?"

"பொதுவா எழுதினதுக்கா."

"பொதுவா எத்தன பேரு பாத்ரூம்ல விழுந்து கையொடச்சுகிட்டாங்க இந்தத் தெருவுல?"

நான் சாதத்தைப் பிசைந்தேன்.

"நான் விழுந்தத நோட்டீஸ் அடிச்சு ஸ்டேஷன்ல குடுக்கப் போறியா? தூக்கு அத. லைப்ரரி வேணும்னா லைப்ரரிக்காகக் கேளு. என்னக் காட்டிக் கேக்காத." ரசத்தை ஊற்றினாள். "அங்க காப்பாத்த முடியாதத இங்க காப்பாத்த வந்துட்டாரு, லண்டன் தொர."

அது சுட்டது. ஏனென்றால் உண்மை. ஆனால் அவள் சொல்லாத ஒன்றையும் நான் அன்று கேட்டேன். என் பெட்டிக்குள் அவளுக்கான விசா விண்ணப்பம் இருந்தது. அந்த மேசை போனால் அவளை அங்கே தனியாக விட்டுவிட்டு நான் விமானம் ஏற முடியாது. அழைத்துப் போய்விட வேண்டும். அழைத்துப் போய், கணப்புக்குப் பக்கத்தில், ஒரு கம்பளித் தொப்பி போட்டு உட்கார வைக்க வேண்டும். அவளுக்கு அது தெரியும். பெட்டியை நான் பூட்டியே வைத்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

நோட்டீஸிலிருந்து அந்தப் பெண்மணியை எடுத்துவிட்டேன்.

5

கையெழுத்துகளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். எல்லா அலுவலகத்திலும் அதே மின்விசிறி, அதே சத்தம். முதல் மேசை இரண்டாம் மேசையைக் காட்டியது. இரண்டாம் மேசை சாப்பிடப் போயிருந்தது. மூன்றாம் மேசையில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முதல் கையெழுத்து உங்களுதா சார்? இங்க ஓட்டு இருக்கா?"

"பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கதான்."

"அதக் கேக்கல சார். சிட்டிசனா?"

இல்லை என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு எச்சில் வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. கடவுச்சீட்டின் நிறம் மாறியபோது விழா மாதிரி நடத்தினார்கள், ராணியின் படத்துக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டோம். அப்போது உறைக்காதது இந்த மின்விசிறிக்குக் கீழே உறைத்தது.

"அப்ப நீங்க குடுக்க முடியாது சார். லோக்கல் ஆளு யாராவது குடுக்கணும்."

அக்கா அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். துணைக்கு வந்தவள். எழுந்தாள். வாக்காளர் அட்டையை மேசையில் வைத்தாள். பிறகு அந்தக் குரல் வந்தது. முப்பது வருஷம் பம்பாயையும் திருநெல்வேலியையும் ஒரே மூச்சில் சேர்த்து வைத்த குரல். மின்விசிறி அடங்கிப்போனது போல இருந்தது.

"வீட்டு வரியோட நூலக வரியும் சேத்துத்தான் வாங்கறீங்க. இத்தன வருஷமா கட்டறேன். கட்டினவ கேக்கறேன். முடிவு பண்றதுக்கு முன்னால யாராவது வந்து அந்த எடத்தப் பாத்தீங்களா?"

மேசைக்காரர் கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அறிக்கை எழுத ஒருத்தர போட்டிருக்காங்க மேடம். ரிட்டயர்டு ஆபீசர். நல்ல மனுஷன். நம்பர் தரேன், நீங்களே கூப்பிட்டுப் பேசுங்க."

வீட்டுக்கு வந்ததும், அக்கா அடுப்படியில் இருந்தபோது, நான்தான் கூப்பிட்டேன். எதிர்முனையில் வறண்ட குரல். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கம் ஒரு வேல இருக்கு. மூணு மூணரைக்கு வந்து பாக்கறேன்."

"அவசியம் வாங்க சார். கூட்டத்த நீங்களே உங்க கண்ணால பாக்கலாம்" என்றேன். துள்ளிக் குதிக்காத குறை.

6

வெள்ளிக்கிழமை காலை. இட்லி. சட்னி. எதிர்வீட்டு ரோஸி டீச்சர் வாசலில் கட்டிய காகித நட்சத்திரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரையும் ஆச்சரியப்படுத்தலாம் என்று நான் அதுவரை மூடி வைத்திருந்ததைத் திறந்தேன்.

"அக்கா, அந்த ஆபீசர் இன்னிக்கு மூணு மணிக்கு வராரு. நம்ம லைப்ரரியப் பாக்க."

அக்கா இட்லியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு என்ன கிழம?"

"வெள்ளி."

"கிளை நூலகத்துக்கு வாராந்திர விடுமுற என்னிக்கு?"

என் வாயில் இட்லி கல்லானது. இங்கிலாந்தில் எங்கள் நூலகம் மூடுவது புதன்கிழமை. அதுதான் எலும்பில் ஏறியிருந்தது. சிறுவயதில், வெள்ளிக்கிழமை பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பி வந்த எத்தனையோ சாயங்காலங்கள் எனக்குள் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். அவற்றின் மேல் வேறொரு ஊரின் கிழமைகள் படிந்துவிட்டன. வந்து பார்க்கிறேன் என்றவரும் அதை யோசிக்கவில்லை என்பது, அவர் நூலகப் படியேறி எத்தனை வருஷம் ஆயிற்று என்பதைச் சொல்லியது.

அவர் எண்ணைச் சுற்றினேன். கிளம்பிவிட்டார் என்றார்கள் வீட்டில். செல்பேசி அணைத்திருந்தது. மல்லிகா மேடம் வீட்டுக்கு ஓடினேன். அவர் கண்கலங்கிப் போனார். "சாவி என்கிட்டதான் இருக்கு சார். லீவு நாள்ல ஆர்டர் இல்லாம திறந்தா என் வேல போயிடும். திறந்தாலும், அவருக்காகத் திறந்ததுன்னு தெரிஞ்சுபோகும்."

தெருவில் ஆள் சேர்த்து, பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார வைக்கலாமா என்று அக்காவைக் கேட்டேன்.

"கல்யாண ஊர்வலமா வருது? யாரையும் கூப்பிடாத. எப்பவும் போல இரு." புடவையை மாற்றிக்கொண்டு, எனக்காக நிற்காமல், மூன்று மணிக்கு முன்பே வெளியே போய்விட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, கையில் குடை. வேப்பமரத்துக்குக் கீழே நின்று, பூட்டைப் பார்த்தார், பலகையில் 'வெள்ளி விடுமுறை' என்று எழுதியிருப்பதைப் படித்தார், என்னைப் பார்த்தார்.

"பூட்டின லைப்ரரியக் காட்டவா சார் கூப்பிட்டீங்க?"

இங்கத்து மழையில் அட்டையிலிருந்து வடிந்த மை மறுபடி விரலில் வடிவது போல இருந்தது. தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். இரண்டு நாட்டிலும்.

"தண்ணி குடிக்கலாமா எங்கயாவது?" என்றார்.

எதிரே கபீர் பாயின் தையல்கடை. கிறிஸ்துமஸ் துணிகள் மூட்டை மூட்டையாகச் சுவரோரம் கிடந்தன. ஆனால் பாய் வெள்ளிக்கிழமை கத்தரியைத் தொடுவதில்லை. ஜும்மா முடிந்து வந்தால் காஜா எடுப்பார், பொத்தான் தைப்பார், வெட்டமாட்டார். அவர் வாப்பா காலத்து வழக்கம். ஆகவே கடையின் நடுவே இருக்கும் பெரிய வெட்டுமேசை வெள்ளிக்கிழமைகளில் சும்மா இருக்கும். சும்மா இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மேசையைச் சுற்றி ஸ்டூல்களிலும், கவிழ்த்த பெட்டிகளிலும், ஒரு பழைய தையல் இயந்திரத்தின் மூடிமேலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். துரை இருந்தார். வேலைக்கான தேர்வுக்குப் படிக்கும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மேசைமேல், துணி விரியும் இடத்தில், அன்றைய செய்தித்தாள்கள் தாள்தாளாகப் பிரிந்து கிடந்தன. நடுத்தாளோடு அக்கா.

லீவு என்று பேப்பர் ஏஜென்ட் நிறுத்துவதில்லை. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைப் பேப்பரை நூலகக் கதவுக்கு அடியில் சொருகிவிட்டுப் போவார். ஒரு மழையில் எல்லாம் கூழாகிவிட்டது. அன்றிலிருந்து பாய் கடையில் போடுகிறார். படிக்கிறவர்களும் பேப்பரின் பின்னாலேயே கடைக்கு வந்துவிட்டார்கள். இது எனக்கு யாரும் சொல்லாத கதை. போன வெள்ளிக்கிழமை நான் சிங்கப்பெருமாள் கோவிலில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய விஷயம் என்றே இவர்கள் நினைக்கவில்லை.

அதிகாரி தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு, கைப்பழக்கத்தில், மேசையோரம் இன்னும் பிரிக்காமல் இருந்த ஒரு முழுப் பேப்பரை எடுத்தார்.

"சார்," என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல். "முழுசா எடுக்கக் கூடாது. பிரிச்சு ஒண்ண வச்சுகிட்டு மிச்சத்த எடது பக்கம் தள்ளுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதிகாரி பிரித்தார். விளையாட்டுப் பக்கத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் துரையிடம் தள்ளினார்.

"எனக்கெதுக்கு சார்," என்றார் துரை. "நம்ம பேப்பரு அந்தம்மா வாய்ல வரும்."

அக்கா பெட்ரோல் விலைச் செய்தியைப் படித்துக் காட்டினாள். துரை விலையைத் திட்டினார். அதிகாரி சிரித்ததைப் பார்த்தேன்.

"இந்த ஏற்பாடெல்லாம் யாரு பண்ணாங்க?" என்று பாயிடம் கேட்டார்.

"ஏற்பாடெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. அங்க பூட்டியிருந்தா இங்க வராங்க. நாளைக்கு அங்க திறந்ததும் இந்தப் பேப்பர மடிச்சு அங்க சேத்துருவோம். அது அவங்க பேப்பரு."

"நாளைக்கு ஒரு கம்பெனி எடுத்து நடத்தினா?"

பாய் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "கம்பெனிக்காரன் என் கடைய நம்பிப் பேப்பர் போடுவானா சார்?"

அப்போதுதான் அக்கா மேசையை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது. அதற்கு முன்னால் மாவட்டச் செய்தித் தாள் தொடப்படாமல் கிடந்தது.

"ரோஸி டீச்சர் வரல."

"காலைல நட்சத்திரத்துக்கு பல்ப் மாட்டிகினு இருந்துச்சே," என்றார் துரை.

"காலைல இருந்தாங்க. இப்ப வரல." அக்கா அவ்வளவுதான் சொன்னாள். பாய் ஊசியைச் சட்டையில் குத்தினார். மும்தாஜ் அக்கா முக்காட்டைச் சரி செய்துகொண்டு செருப்பை மாட்டி இறங்கிவிட்டார். யாரும் யாரையும் ஏவவில்லை. அதிகாரி கையில் விளையாட்டுப் பக்கத்தைப் பிடித்தபடி அவர் தெருவைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்கா வீட்டுக் கதவு உடைபட்ட அந்தச் சாயங்காலத்தை, நான் இல்லாத சாயங்காலத்தை, முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

மும்தாஜ் அக்கா திரும்பி வந்தார். கையில் ஒரு தட்டு. "ஒண்ணும் இல்ல. டீச்சர் முறுக்கு சுட்டுகிட்டிருக்காங்க. அடுப்ப விட்டு வர முடியலையாம். அந்தத் தாள யாருக்கும் தராதீங்கன்னு சொன்னாங்க." தட்டில் முறுக்கு இருந்தது.

அதிகாரி ஒரு முறுக்கை எடுத்தார். தன் தாளை ஒழுங்காக மடித்தார். மடிப்பு கோணலாக வந்தது. அக்கா வாங்கி நேராக்கினாள். "பழகிடும்," என்றாள்.

அவர் குடையை எடுத்துக்கொண்டார். பூட்டிய நூலகத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

7

விடுமுறை முடிந்து இங்கே திரும்பி வந்தேன். விசா விண்ணப்பம் பெட்டியிலேயே வந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் அக்கா கூப்பிட்டாள். அவள் கூப்பிடுவது அபூர்வம். வெளிநாட்டு அழைப்புக்குச் செலவு செய்வது அவளுக்குப் பாவம்.

"நம்ம கிளையக் கம்பெனிக்கு விடலையாம்."

நான் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஈரம் பேன்ட்டில் ஏறியது.

"அவரு எழுதினாராக்கா?"

"யாருக்குத் தெரியும்? எடுக்கறேன்னு வந்த கம்பெனி பின்வாங்கிடுச்சுங்கறாங்க. மல்லிகா மேடம் அறிக்கைன்னு சொல்றாங்க. துரை, தான் போட்ட கையெழுத்துன்னு சொல்றான். உன்னாலதான்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல."

"நெனைப்ப. உன்ன எனக்குத் தெரியும்." அதே மூச்சில் சொன்னாள்: "அந்தப் பெட்டியில வச்சிருந்தியே, அதக் கிழிச்சுப் போட்டுரு."

அன்று வீட்டுக்கு வந்து கிழித்தேன். ஜோயல் என்ன கிழிக்கிறீர்கள் என்று கேட்டான். அத்தை இங்கே வரவில்லை என்றேன். "அவங்களுக்கு அங்க ஃபிரெண்ட்ஸ் இருக்காங்க இல்ல," என்றான் தமிழில். பேருந்து நிறுத்தத்தில் நனைந்துகொண்டிருந்த கேள்வி கொஞ்சம் கூரைக்குள் வந்தது போல இருந்தது.

இங்கத்து நூலகத்தில் மேசைகள் திரும்பி வரவில்லை. சிவப்புத் தொப்பிக்காரரும் வரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்குக் கை வராது. ஒரு மேசை நின்றது. அது என் அக்காவின் மேசை. அவ்வளவு சுயநலமான நிம்மதி இது. அதைப் பெரிதாக்கிக் காட்ட விரும்பவில்லை.

8

இன்று மதியம் மனம் கேட்கவில்லை. தேநீர் இடைவேளையில் ஒரு முறை கூப்பிட்டு மணியைக் கேட்டது போதாதா? போதவில்லை. வேலை நடுவில், தொலைபேசி அட்டையில் மிச்சம் இருந்ததைக் கொண்டு, கபீர் பாய் கடைக்கு அடித்தேன். அங்கே விளக்கு வைக்கும் நேரம் தாண்டியிருக்கும். பாய் எடுத்தார். பின்னால் துரை யாரையோ திட்டும் சத்தம். காகிதம் புரளும் சத்தம்.

"பாய், நான் சுகிர்தா அக்கா தம்பி பேசறேன்."

"தெரியுது தம்பி. நல்லா இருக்கீங்களா? குளிரா அங்க?"

"குளிர்தான். அக்கா இன்னும் அங்கயா இருக்காங்க?"

"இருக்காங்க. ஒரே சண்ட. புதுசா வந்த தம்பி ஒருத்தர் நடுத்தாள எடுத்துட்டாரு. இப்பதான் கைக்கு வந்துருக்கு. கூப்பிடவா?"

தூரத்தில் அக்காவின் குரல் கேட்டது, எனக்கு இல்லை, யாருக்கோ: "மடிப்பப் பாத்து மடிங்க சார்."

"வேண்டாம் பாய்," என்றேன். "படிக்கட்டும்."

"சரி தம்பி," என்று சொல்லி, வேலை இருக்கிறவர் வைப்பது போல, பாய் போனை வைத்துவிட்டார்.